தாம்பரம் கூட்டத்தில் ஒரு குரல்

சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு முடித்ததும், அதன் ஓரத்துச் சுவர் வெறுமையாக இருப்பது எல்லோர் கண்ணையும் உறுத்தியது. சும்மா விட்டால் ஒரே வாரத்தில் டியூஷன் சென்டர்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள் என்று குடியிருப்போர் நலச் சங்கம் கூடிப் பேசியது. பெரியவர்கள் சொன்ன நல்ல வாசகங்களில் பத்தைப் பொறுக்கிப் பெயின்டால் எழுதுவது என்று முடிவாயிற்று. ஒன்பதில் ஒரு தகராறும் இல்லை. பத்தாவதுதான் வம்பை இழுத்தது.

"போருக்கு எல்லை உண்டு, பசிக்கு எல்லை இல்லை."

எழுபத்தொன்று டிசம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம் நடந்தபோது தாம்பரத்தில் பேசப்பட்டது. இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடம். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதன் கீழே 'பேச்சாளர் ஜெயவேலு' என்று போட்டிருந்ததைப் பார்த்த ஐந்தாவது நிமிடம், மூன்றாவது குறுக்குத் தெரு ஷ்யாம்சுந்தர் பொங்கிவிட்டார். ஜெயவேலு அன்றைய ஆளுங்கட்சிக்காரர். அவர் அப்படிச் சொல்லவே இல்லை, சொன்னது எதிர்க்கட்சி வக்கீல் ஜெபராஜ், அவர் பேசிய மேடையில் என் அப்பாவே உட்கார்ந்திருந்தார் என்று ஷ்யாம்சுந்தர் எழுதினார். மூன்று நாள் சண்டை நடந்தது. தினமும் காலை வணக்கப் படம் அனுப்புகிறவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் காலை சங்கச் செயலாளர் சுப்ரஜா, ஸ்ரீநிவாசராகவன் வீட்டு காலிங்பெல்லை அழுத்தினாள். அவருக்கு எழுபத்தேழு வயது. போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவர் என்று காலனிக்குத் தெரியும். டைப்பிஸ்டாக இருந்திருப்பார் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், அவரும் திருத்தவில்லை.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கோ. ஜெயவேலு நூற்றாண்டு மலர் போட்டவங்க ஆவணக் காப்பகத்துலேர்ந்து எடுத்த ஜெராக்ஸ். அந்தக் காலத்துப் போலீஸ் ரிப்போர்ட். இதைவிட ப்ரூஃப் என்ன வேணும்? இது ஒரிஜினல்தான்னு நீங்க குரூப்ல ஒரு வார்த்தை போட்டா ஷ்யாம் சார் அடங்கிடுவார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தமிழ் டைப்ரைட்டரில் அடித்தது. ஒவ்வொரு 'ல'வும் வரியைவிட்டு ஒரு நூல் மேலே ஏறி நின்றது. கடைசியில், மேலதிகாரியின் கையெழுத்துக்குப் பக்கத்தில், சின்னதாக மூன்று எழுத்து இனிஷியல். அவருடையது.

"ஒரிஜினல்தான்" என்றார்.

"அப்போ போட்டுடட்டுமா?"

"ரெண்டு நாள் பொறும்மா."

சுப்ரஜா போனதும் சமையலறையிலிருந்து அவர் மனைவி காமு எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா முகம் இப்படி இருக்கு? என்ன பேப்பர் அது?"

"நான் டைப் அடிச்சது, காமு. ஐம்பத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி."

"அதுக்கென்ன இப்போ?"

"அது பொய். நான் வேணும்னே பொய்யா அடிச்சேன்."

காமு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

ஸ்ரீநிவாசராகவன் போலீஸ் இலாகாவின் சுருக்கெழுத்துக்காரர். கட்சிக் கூட்டங்களுக்குச் சாதா உடையில் போய், மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு வந்து மறுநாள் டைப் அடித்துக் கொடுப்பது அவர் வேலை. முப்பத்தைந்து வருஷம் அதைத்தான் செய்தார். எந்தக் கட்சி என்று பாராமல் எல்லோர் பேச்சையும் எழுதினார். ஆனால் பேசினவர்களின் முகம் பலதும் அவருக்குத் தெரியாது. எழுதுகிறவன் தலை நிமிரக் கூடாது. நிமிர்ந்தால் நாலு சொல் போய்விடும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் குரல்கள். யார் மூச்சு வாங்குவார்கள், யார் தண்ணீர் குடிக்கிற சாக்கில் யோசிப்பார்கள், யார் கைதட்டலுக்காக நிறுத்துவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுத்தால் ஒரு சின்ன வட்டம் போட்டு, அதற்குப் பக்கத்தில் அதையும் எழுதுவார். அது அவராகவே வைத்துக்கொண்ட பழக்கம். டைப் அடிக்கும்போது அந்த வட்டங்களெல்லாம் 'கூட்டத்தில் சலசலப்பு' என்று இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும்.

பழைய நோட்டுகளைக் கழித்துக்கட்டி எரிக்கச் சொன்ன வருஷம், தன் கையெழுத்தில் இருந்ததை மட்டும் எரிக்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பரணில் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. எதிர் வீட்டு விக்கி ஏறி இறக்கிக் கொடுத்தான். எழுபத்தொன்று டிசம்பரிலிருந்து எழுபத்திரண்டு மார்ச் வரை நான்கு நோட்டுகள். தாள் பழுத்து ஓரம் உதிர்ந்தது. பென்சில் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

அவர் கடைசி நோட்டிலிருந்து பின்னோக்கிப் படித்தார். காமு காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

எழுபத்திரண்டு மார்ச், பல்லாவரம், வக்கீல் ஜெபராஜ்: "போருக்கு எல்லை உண்டு, பசிக்கு எல்லை இல்லை. இதை ஆளுங்கட்சி உணர வேண்டும்." சுவருக்கு வந்த அதே வாசகம், எழுத்து பிசகாமல். ஷ்யாம்சுந்தர் சொன்னதில் உண்மை இருந்தது.

பிப்ரவரி, சிங்கப்பெருமாள் கோவில், ஜெயவேலு: "போருக்கு எல்லை இருக்கிறது, பசிக்கு எல்லை ஏது என்று தாம்பரத்திலேயே நான் கேட்டேன்."

ஜனவரி, படப்பை, மறுபடியும் ஜெயவேலு: "தாம்பரத்தில் ஒரு தங்கை என்னைப் பார்த்துக் கேட்டாள், போருக்கு எல்லை இருக்கிறது, பசிக்கு எல்லை ஏது என்று."

"பார்த்தியா" என்றார். "படப்பையில தங்கை இருக்கா. ஒரே மாசத்துல, பதினைஞ்சு மைல் தாண்டறதுக்குள்ள, தங்கை காணாமப் போயிட்டா."

"தாம்பரத்துல என்ன இருக்கு?"

அவர் முதல் நோட்டை எடுத்தார். அதைப் படிக்கக் கோடுகள்கூட வேண்டியிருக்கவில்லை.

அன்று டிசம்பர் எட்டு, புதன்கிழமை. அவருக்கு இருபத்து மூன்று வயது. வேலையில் சேர்ந்து தனியாக அனுப்பப்பட்ட முதல் கூட்டம். விமானப்படைத் தளம் பக்கத்தில் இருந்ததால் தாம்பரத்தில் விளக்கணைப்பு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும் என்று கூட்டத்தை நாலு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ரயிலடிக்கு மேற்கே மைதானம். அப்போதெல்லாம் சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் சின்ன ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் போனால் வேர்க்கடலைக் கொல்லைதான். மாலைக் காற்றில் கடலைச் செடியின் வாசனையும் இன்ஜின் புகையும் கலந்து வரும். ஒவ்வொரு தடவை ரயில் வரும்போதும் ஜெயவேலு பேச்சை நிறுத்துவார். அந்த இடைவெளியில் ஸ்ரீநிவாசராகவன் பென்சிலைச் சீவிக்கொள்வார். முதுகெல்லாம் வியர்வை. ஆனால் ஒரு சொல்கூட விடவில்லை என்கிற சந்தோஷத்தில் உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தார்.

எல்லையில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள், வீட்டில் இருக்கிற நாம் சிறு கஷ்டங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெயவேலு உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது மிக அருகில், ஸ்ரீநிவாசராகவனின் வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு பெண்குரல் கிளம்பியது. அவர் நிமிரவில்லை. கண்ணின் ஓரத்தில் ஒரு காலித் தகர டின்னும் அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தன. அவர் கை தானாக வட்டம் போட்டது, எழுதியது.

"என்ன எழுதினேள்?" என்றாள் காமு.

அவர் கோடுகளைப் பார்த்தபடி, அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தோடேயே படித்தார்: "சண்டைக்கு எல்லை கீது. கிருஷ்ணாயில் க்யூவுக்கு எல்லை எங்க சார் கீது?"

காமு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மண்ணெண்ணெய் வரிசையில் அவளும் நின்றவள்தானே.

"அப்புறம்?"

"கூட்டமே சிரிச்சுது. ஜெயவேலு சாமர்த்தியசாலி. கோவிச்சுக்கல. உன் பேர் என்னம்மா, எந்த ஊர்னு கேட்டார். ஞானம்மா, கடப்பேரின்னா. உடனே அவர், 'இந்தத் தங்கை கேட்கிறாள், போருக்கு எல்லை இருக்கிறது, பசிக்கு எல்லை ஏது என்று'ன்னு மாத்திட்டார். மைக்ல கேட்டது அதுதான். க்யூ பசியாயிடுத்து. அதைத்தான் ஜெபராஜ் பல்லாவரத்துல இழைச்சு மெருகு போட்டார்."

"இதுல நீங்க என்ன பொய் சொன்னேள்?"

மறுநாள் காலை மேலதிகாரி கேட்ட கேள்வி அவருக்கு இன்னும் காதில் இருந்தது. கூட்டத்துல எவனாவது குரல் குடுத்தானா, பேர் அட்ரஸ் இருந்தா குடு, யுத்த காலம், சும்மா விடக் கூடாது. அவரிடம் பேரும் இருந்தது, ஊரும் இருந்தது. யாரும் இல்லை சார் என்றார். அப்படிச் சொன்ன பிறகு டைப் அடிக்கும்போது அந்தப் பெண்ணின் வரியைச் 'சலசலப்பு' என்றுகூடப் போடாமல் எடுத்தாக வேண்டியிருந்தது. அதை எடுத்தால் ஜெயவேலு கேட்ட கேள்வியும் 'இந்தத் தங்கை கேட்கிறாள்' என்பதும் ஒட்டவில்லை. அவற்றையும் எடுத்தார். மிஞ்சியது, ஜெயவேலுவே சொந்தமாகச் சொன்னது போல ஒரு வரி.

"அந்தப் பொண்ணைக் காப்பாத்தத்தானே பண்ணினேள்? அது ஒரு பொய்யா?"

"இன்னிக்கு அதையே அத்தாட்சின்னு கொண்டுவந்து என் கையிலயே குடுக்கறாளே, காமு."

காமு நறுக்கின காயைத் தட்டில் ஒதுக்கினாள். பிறகு, "கடப்பேரி என்ன காசியா? போய்ப் பார்த்துட்டு வரலாம் வாங்கோ. நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு இருவரும் ஆட்டோவில் போனார்கள். ஸ்டேஷனுக்கு மேற்கே அந்த மைதானம் எங்கே இருந்தது என்று அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. நகைக்கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் எங்கேயோ இருக்க வேண்டும். ஆட்டோவை மெதுவாக ஓட்டச் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார்.

கடப்பேரியில் துணி தேய்க்கிறவரிடம் கேட்டார்கள்.

"ஞானம்மாவா? மூணு பேரு கீறாங்களே சார். எந்த ஞானம்மா?"

"வயசானவங்க. எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும்."

"ரெண்டு பேரு. ஒருத்தங்க போன வருசம் பூட்டாங்க."

விசாரித்ததில், இறந்துபோனவர் எண்பத்து மூன்றில்தான் விழுப்புரத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்தது. காமு அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். துணி தேய்க்கிறவர் மற்ற ஞானம்மாவின் வீட்டுக்கு வழி சொன்னார்.

மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை வீடு. வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஐம்பது வயது அம்மாள் தான் மகள் என்றாள். பெயர் சாமுண்டீஸ்வரி.

"எங்கம்மாவ இன்னாத்துக்கு சார் தேடற? பென்ஷன் ஆபீசா?"

"இல்லம்மா. பழைய விஷயம். எழுபத்தொண்ணுல தாம்பரத்துல நடந்த ஒரு கூட்டம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருடி அது? இன்னா கூட்டம்?"

ஸ்ரீநிவாசராகவன் வாசலிலேயே நின்று காதைக் கொடுத்தார். வயது அந்தக் குரலைத் தேய்த்திருந்தது. ஆனால் 'கூட்டம்' என்பதில் முதல் எழுத்தை அழுத்திய விதம், அன்றைக்கு 'க்யூ'வை அழுத்திய அதே விதம். முகம் தெரியாத மனுஷியை அவர் அந்த ஒரு எழுத்தில் அடையாளம் கண்டுகொண்டார்.

ஞானம்மாள் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு. கண் மட்டும் கூர்மை. இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "குந்துங்க" என்றாள். அவர் யுத்தம், மைதானம், ஜெயவேலு, மண்ணெண்ணெய் வரிசை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் வெற்றிலையை மடியில் வைத்தாள்.

"ஆமா. நான்தான் கூவுனேன். இப்ப இன்னாத்துக்கு அது?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகமா? நல்லா கேட்ட போ. அன்னிக்கு ஓட்டல்ல மாவாட்டிட்டு, டின்னைத் தூக்கிகினு நாலு மணி நேரம் லைன்ல நின்னேன். என் முறை வரச்சே ஸ்டாக்கு இல்லன்ட்டான். திரும்பி வரேன், இந்த மனுசன் மைக்குல பொறுத்துக்கோங்கன்றாரு. வவுத்தெரிச்சல்ல வாய்ல வந்துச்சு, கூவிட்டேன். அவரு நல்லவரு, தமாசா எடுத்துகினாரு. பேரு கேட்டாரு, நானும் மடத்தனமா சொல்லிட்டேன். அப்பால திரும்பிப் பாக்கறேன், என் பக்கத்துலயே நாற்காலி போட்டுகினு ஒருத்தன் குந்திகினு எழுதறான். தல நிமிரவே இல்ல. என் பேரையும் எழுதறான். யாரு அதுன்னு கேட்டா, போலீசுன்றாங்க."

சாமுண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே டீ டம்ளர்களை நீட்டினாள். இந்தக் கதையைப் பல தடவை கேட்டவள் என்று தெரிந்தது.

"எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறிப்போச்சு" என்றாள் ஞானம்மாள். "யுத்த டைமு. புடிச்சிகினு போனா ஜாமீன்கூட இல்லன்னு பயம் காட்டறாங்க. எங்கக்கா சாவித்ரிய படப்பையில கட்டிக் குடுத்திருந்தாங்க. மறுநாள் காலைல மொத பஸ்ஸப் புடிச்சு அக்கா ஊட்டுக்கு ஓடிட்டேன். மூணு மாசம் இந்தப் பக்கம் தல காட்டல. வாசல்ல காக்கி கலர்ல எத்தப் பாத்தாலும் பின்பக்கமா கொல்லைக்கு ஓடுவேன். போஸ்ட்மேன்கிட்டக்கூட பயம். ஓட்டல் வேலை பூட்சு. நல்ல ஓட்டலு அது. காலைல ரெண்டு தபா காப்பி குடுப்பாங்க."

ஸ்ரீநிவாசராகவன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் போலீஸ்காரன் நான்தாம்மா."

ஞானம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். சாமுண்டீஸ்வரியின் சிரிப்பு நின்றது.

"உங்க பேரை நோட்டுல எழுதினது நிஜம். ஆனா மேல குடுக்கல. கூட்டத்துல யாருமே குரல் குடுக்கலன்னு சொல்லிட்டேன். உங்களை யாரும் தேடல. எந்தக் காகிதத்துலயும் உங்க பேர் இல்லை."

அவள் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கட்டிலுக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"மேல எழுதிக் குடுக்கலியா?"

"இல்லை."

"அப்ப நான் சும்மாவா ஓடுனேன்?"

அந்தப் பெண்ணைக் காப்பாற்றியதாக ஐம்பத்து நாலு வருஷம் மனதின் ஒரு மூலையில் அவர் ஒரு சின்னப் பெருமையை வைத்திருந்தார். யாரிடமும் சொல்லாததால் அது அழுக்குப்படாமல் இருந்தது. அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடப்பேரிக்கு வந்து, பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அரைமணி நடை. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

காமுதான் பேசினாள். "படப்பையில ரொம்பக் கஷ்டப்பட்டேளா?"

ஞானம்மாளின் முகத்தில் என்னவோ இளகியது. "கஷ்டமா? அக்கா கொழுந்தனாரு ஒருத்தரு இருந்தாரு. கொத்து வேலை. போலீசுக்குப் பயந்து கொல்லைல ஒளியறப்ப எல்லாம் எதிர்ல அவருதான் செங்கல் அடுக்கிகினு இருப்பாரு. எதுக்கும்மா ஓடறன்னு ஒரு நாளு கேட்டாரு. சொன்னேன். வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. சித்திரைல கல்யாணம்." மகளைத் தாடையால் காட்டினாள். "இவ மூணாவது. நல்ல மனுசன். அவரு போயி ஆறு வருசமாச்சு."

பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "நீ குடுத்திருந்தா ஜெயிலு. குடுக்காததுக்குக் கல்யாணம். சரியான பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

அவரும் சிரித்தார். கண் கலங்கியதைக் கண்ணாடி துடைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டார்.

சுவர் விஷயத்தை அவர் சொன்னபோது அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்த வாசகத்தை அவள் கேட்டிருந்தாள். சாமுண்டீஸ்வரி பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்திருக்கிறாள். "நான் பசின்னு சொல்லவே இல்லியே" என்றாள். "பசிக்கு ஊட்ல பழையது இருந்துச்சு. அடுப்பு எரியத்தான் கிருஷ்ணாயில் இல்ல. எழுதறதா இருந்தா நான் சொன்னத எழுதச் சொல்லு. அவங்க சொன்னத அவங்க பேர்ல போட்டுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் ஸ்ரீநிவாசராகவன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். நாலு நோட்டுகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, யார் எதைச் சொன்னார்கள், எந்த ஊரில் எந்தச் சொல் மாறியது என்று தேதிவாரியாகப் படித்தார். ஆவணக் காப்பகத்துத் தாள் தன் கையால் அடித்தது, அதில் தான் மறைத்தது இன்னது என்றும் சொன்னார். தான் பார்த்த வேலை என்ன என்பதும் காலனிக்கு அன்றுதான் தெரிந்தது.

ஷ்யாம்சுந்தர் தன் அப்பா பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததில் முதலில் மகிழ்ந்தார். பிறகு யோசனையோடு கேட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. முப்பத்தஞ்சு வருஷம் ரிப்போர்ட் குடுத்திருக்கீங்க. இதுல ஒண்ணு இப்படின்னா, மத்ததையெல்லாம் எப்படி நம்பறது?"

ஸ்ரீநிவாசராகவனுக்கு முகம் சுருங்கியது. "நியாயமான கேள்விதான்" என்றார். "இது ஒண்ணுதான் மாத்தினேன். ஆனா அதுக்கும் என் வார்த்தையைத் தவிர வேற சாட்சி கிடையாது."

அவர் காப்பகத்துக்கு ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். நோட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பக்கத்திலேயே பெயர்த்தெழுதி, பழைய அறிக்கையோடு சேர்த்துவைக்கும்படி கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, பெறப்பட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. சுவர் விஷயத்தில் சுப்ரஜா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். மூன்று பேர் பெயரையும் போடலாம் என்றார்கள் சிலர். மண்ணெண்ணெய் க்யூவைப் போய் ஏரிக்கரையில் எழுதுவதா என்றார்கள் சிலர். ஒத்துவரவில்லை. பெயின்டர் காத்திருந்து காத்திருந்து பார்த்துவிட்டு, பத்தாவது இடத்தில் ஒரு கூழைக்கடாவை வரைந்துவிட்டுப் போய்விட்டார். பறவை நன்றாகவே வந்திருந்தது.

இதைச் சொல்ல அவரும் காமுவும் மறுபடி கடப்பேரிக்குப் போனார்கள். காமு ஒரு டப்பாவில் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"பறவையா?" என்றாள் ஞானம்மாள். "அது யாரோடயும் சண்டைக்குப் போவாது. நல்லதுதான்." பிறகு அவர் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். "அதானா அது? என் பேரு எங்க கீது, காட்டு."

அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவள் அந்தச் சின்னக் கோட்டை விரலால் தொட்டாள். "கோழி கிண்டுன மாதிரி கீது" என்றாள். விரல் கொஞ்சம் கீழே நகர்ந்தது. "இந்த வட்டம் இன்னாது? எனக்கும் ஒண்ணு போட்டிருக்க, இதுக்கும் போட்டிருக்க."

"அது கூட்டத்துலேர்ந்து வேற யாரோ கத்தினது."

"இன்னான்னு?"

அவர் குனிந்து பார்த்தார். ஐம்பத்து நாலு வருஷத்தில் அவர்கூட அதைப் படித்ததில்லை. "'தலைவரே, பொழுது போவுது, சீக்கிரம் முடி.'"

"அய்யோ, அது கேட்டுக்காரு முனிரத்தினம்" என்றாள் ஞானம்மாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரயில்வே கேட்டு. ஆறு மணிக்கு டூட்டி அவருக்கு. எந்தக் கூட்டமா இருந்தாலும் வருவாரு, எந்தக் கூட்டத்தயும் முழுசாக் கேட்டதில்ல. வேற?"

"'மைக் இரையுது.'"

"அத எல்லாருந்தான் சொல்லுவாங்க. வேற?"

"'கொயந்தையக் காணோம், செவப்பு கவுனு.'"

"காந்திமதி" என்றாள் உடனே. குரல் தழைந்தது. "எங்க தெருவுதான். தேடாத எடமில்ல. கடைசில பாத்தா மேடைக்கு அடியில தூங்கிகினு இருந்தா. இவ்ளோ சத்தத்துல எப்படித் தூங்குச்சோ. இப்ப மதுராந்தகத்துல பேரன் பேத்தி எடுத்துட்டா. போன் பண்ணிச் சொல்லணும், உன் கவுனு போலீஸ் நோட்டுல கீதுன்னு."

சாமுண்டீஸ்வரி வேலையை விட்டுவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜெயவேலு பேசிய பக்கங்களை அவர் தள்ளிக்கொண்டே போனார். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வட்டங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தார். சிலவற்றுக்கு ஞானம்மாள் தலையை ஆட்டினாள், தெரியாது. சிலவற்றுக்குப் பெயர் வந்தது, தெரு வந்தது, கத்தினவர் வளர்த்த ஆடு வந்தது, அவர் பெண்டாட்டியோடு போட்ட சண்டை வந்தது. அந்த மைதானத்தில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அவருக்கு, இப்போது ஒவ்வொருவராக முகம் தெரிய ஆரம்பித்தது. காமு தட்டையை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

கடைசிப் பக்கத்தில், நன்றியுரைக்குக் கீழே, தனியாக ஒரு வட்டம் இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தார்.

"இன்னா சார்? சொல்லிட்டு சிரி."

"'யோவ், எழுந்திரு, நாற்காலிய எடுக்கணும்.'"

"யாரச் சொன்னாங்க?"

"என்னைத்தான். கூட்டம் முடிஞ்சும் எழுதிண்டே இருந்திருக்கேன். பழக்கதோஷத்துல அதையும் எழுதிட்டேன்."

"அது வாடகை நாற்காலி தஸ்தகிர் பாய்" என்றாள் ஞானம்மாள். "அவரு எல்லாரயும் அப்டித்தான் எழுப்புவாரு. கலெக்டரா இருந்தாலும் வுட மாட்டாரு."